டி எழுத்துக்கு அடியில் இன்னொரு டி: இரட்டைக் குத்து அக்கசாலைக் குறியை எப்படி உறுதிசெய்வது?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி), வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா வேலூரில் செவிலியராக இருந்தவர். பிறகு அமெரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றுச் சத்துவாச்சாரிக்கே திரும்பிவிட்டார். அமெரிக்காவில் கைமாறிய சில்லறைகளில் ஒரு சென்ட் காசுகளை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். சென்ற வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அந்த டின் என் கைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன், 412 காசுகள். எல்லாவற்றிலும் லிங்கன் முகம். பழையவற்றின் பின்புறத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள், பிந்தியவற்றில் லிங்கன் நினைவு மண்டபம்.

அவற்றில் 1969ஆம் ஆண்டுக் காசு ஒன்றில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் ஆங்கில டி எழுத்து, அதாவது எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் அக்கசாலைக் குறி, இரண்டாகத் தெரிகிறது. வலப்பக்கம் நிழல்போல இன்னொரு டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் இதே போன்ற ஒரு காசுக்குப் பல ஆயிரம் ரூபாய் விலை போட்டிருக்கிறார்கள். இது உண்மையிலேயே இரண்டு முறை குத்திய குறிதானா என்பதை எப்படி உறுதிசெய்வது? எனக்கு இந்தத் துறை புதிது. அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இன்னொன்று. காசுகள் கறுத்திருக்கின்றன என்று பெரியம்மா புளி போட்டுத் துலக்கத் தொடங்கியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு காசுகள் இப்போது குத்துவிளக்குப்போலப் பளபளக்கின்றன. மற்றவற்றையும் துலக்கட்டுமா என்று கேட்கிறார்.

வாலாஜா நாணயப்பெட்டி, வெள்ளி இரவு

தம்பி, முதலில் அந்தப் புளியை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றே, இப்போதே. செம்பின் மேல் பல ஆண்டுகள் படிந்த பழுப்பு நிறம் அழுக்கு அன்று. அது உலோகத்தின் தோல். புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும், தேய்க்கும் நார் மெல்லிய கீறல்களை விட்டுச் செல்லும். நீங்கள் தேடுவதோ மயிரிழை அளவுள்ள ஒரு விளிம்பு. அந்த விளிம்புதான் முதலில் போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பெரியம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். செம்புப் பாத்திரத்தைப் புளியால் துலக்கி வளர்ந்த வீடுகளில் இது இயல்பாக வரும் கை.

இனி 1969 டி. ஒரே ஒரு கேள்வி. ஆண்டின் எண்களைப் பாருங்கள். 1969 என்பதில் உள்ள 9 எண்ணும் அதே வலப்பக்கம் நிழலாடுகிறதா? பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

குடியாத்தம் பட்டறை, சனி காலை

நான் நாணயம் சேர்ப்பவன் அல்லன். நகைத் தொழில் செய்யும் குடும்பம். ஆனால் இந்த இரட்டைக் குத்து என்பது என் தாத்தாவின் பட்டறையில் தினமும் கண்ட விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது நகைகளில் ஆறு எழுத்து அடையாள எண்ணை லேசரில் பொறிக்கிறார்கள். அந்தக் காலத்தில் மோதிரத்தின் உட்புறம் எங்கள் முத்திரையைக் கையால்தான் அடிப்போம். முத்திரை உளி விரல் நீளம் இருக்கும். நுனியில் எழுத்து இடம் வலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். இடக்கையில் உளியை நிறுத்தி, வலக்கையில் சுத்தியால் ஒரே அடி. உளி நேராக நின்றால் எழுத்து முழுதாகப் பதியும். மயிரளவு சாய்ந்தால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழும். அப்போது உளியை மறுபடி வைத்து இன்னோர் அடி அடிக்க வேண்டும். உளி முதல் பள்ளத்திலேயே சரியாக உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உட்காராவிட்டால் முதல் அடியின் ஓர் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும்.

தாத்தா விரலால் தடவியே சொல்லிவிடுவார், "இது ரெண்டாம் அடி" என்று. பழைய எழுத்தின் ஓரமும் புதிய எழுத்தின் ஓரமும் சந்திக்கும் மூலையில் ஒரு சின்னப் பிளவு இருக்கும், மாங்கொட்டையின் வாய்போல. நாணயத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

கோட்டை அகழி (வேலூர்), சனி மதியம்

பட்டறை ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாணயச் சாலையில் நடந்ததும் அதேதான். ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் மோதிரத்தின் மேலேயே அடித்தீர்கள். அவர்கள் காசின் மேல் அடிக்கவில்லை, காசை அடிக்கும் அச்சின் மேல் அடித்தார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

அமெரிக்கக் காசுகளுக்கான அச்சுகள் எல்லாம் பிலடெல்பியாவில் தயாராயின. லிங்கன் முகம், எழுத்துகள், ஆண்டு ஆகியவை மூல அச்சிலிருந்து அழுத்தத்தால் இறங்கிவிடும். டென்வருக்குப் போகும் அச்சில் டி, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் அச்சில் எஸ் என்ற குறியை மட்டும் ஒரு தொழிலாளி கடைசியில் கையால் குத்துவார். பிலடெல்பியாவில் அடித்த சென்ட்டுக்கு அந்தக் காலத்தில் குறியே கிடையாது. கையால் குத்தியதால் குறி ஒவ்வோர் அச்சிலும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், சில நேரம் சாய்ந்திருக்கும், சில நேரம் இரண்டு மூன்று முறை விழுந்திருக்கும். அந்த அச்சில் அடித்த லட்சக்கணக்கான காசுகளிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் வரும். ஆகவே இரட்டைக் குத்து என்பது அச்சின் பிறவிக் குறி. ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று.

இதிலிருந்து வாலாஜா ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். ஆண்டு மூல அச்சிலிருந்து வருகிறது, குறி தனியாகக் குத்தப்படுகிறது. அதனால் உண்மையான இரட்டைக் குத்தில் குறி மட்டும் இரட்டிக்கும், ஆண்டு ஒற்றையாக நிற்கும். மறுபுறம், 1955ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரட்டை அச்சு சென்ட் இருக்கிறதே, அதில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டிப்பதற்குக் காரணம் மூல அச்சிலிருந்து இறக்கும்போது நேர்ந்த விலகல். அந்த வகைக் காசில் குறி இருந்தால், பிறகு குத்தப்பட்டதால் அது ஒற்றையாகவே இருக்கும். ஆண்டும் குறியும் ஒரே திசையில் ஒரே அளவில் இரட்டித்தால், இரண்டுமே அல்ல. அது அச்சு ஆட்டம்.

அச்சு ஆட்டம் என்பது என்ன? அச்சு அதன் பிடியில் தளர்ந்திருக்கும். காசை அடித்துவிட்டு விலகும் கணத்தில் சற்றே வழுக்கி, அப்போதுதான் எழும்பி நின்ற எழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட உலோகம் தட்டையாக, படிக்கட்டின் கீழ்ப்படிபோலப் படியும். இதைத்தான் பலர் இரட்டைக் குத்து என்று நம்பி வாங்குகிறார்கள். 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த சென்ட்களில் இது ஏராளம்.

லென்ஸில் பார்க்கும்போது என் கண் போகும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் எழுத்தின் அகலம். அச்சு ஆட்டத்தில் உள்ள உலோகமே நசுங்குவதால் மேலே நிற்கும் எழுத்து மெலிந்துவிடும். இரட்டைக் குத்தில் மேல் எழுத்து தன் முழு அகலத்தோடு இருக்கும், கூடுதலாக இன்னோர் எழுத்தின் பகுதி வெளியே தெரியும். அடுத்து அந்தக் கூடுதல் பகுதியின் முதுகு. உருண்டையாக, மற்ற எழுத்துகளைப்போலவே மேடாக இருக்கிறதா, அல்லது கத்தியால் சீவியதுபோல் தட்டையாகப் பளபளக்கிறதா? தட்டை என்றால் ஆட்டம். கடைசியாக, பட்டறை ஐயா சொன்ன மாங்கொட்டை வாய். டி எழுத்தின் நேர்க்கோட்டில் மேலும் கீழும் இடப்பக்கம் நீளும் சிறு முனைகள் இருக்கின்றன அல்லவா, அச்சுத் தொழிலில் செரிஃப் என்பார்கள். இரட்டைக் குத்தில் அந்த முனை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு வெட்டு தெரியும். எனக்கு அந்த வெட்டு ஒன்றே போதும். டி எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்தையும் பார்க்க மறக்காதீர்கள். முதல் குத்தின் வளைவு பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அச்சு கிழடாகிப்போனாலும் எழுத்தின் ஓரம் கரைந்து பூசினாற்போல் விரியும். 1982க்குப் பிந்தைய காசுகள் துத்தநாக வில்லைமேல் செம்பு பூசியவை. அவற்றில் குறியைச் சுற்றிப் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அவையும் இரட்டைக் குத்து அல்ல.

காட்பாடி ஜங்ஷன், சனி மாலை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு விளிம்புக்காக ஒருவர் ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுத்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "இரட்டைக் குறி" என்ற பெயரில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வாங்கினேன். வந்து சேர்ந்ததைத் தெரிந்தவரிடம் காட்டினால், சாதாரணத் தேய்மானம் என்றார். திருப்பித் தரக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த வலியில் எழுதுகிறேன்.

கோட்டை அகழி, சனி மாலை

உங்கள் வலி நியாயமானது. ஆனால் உங்களை ஏமாற்றியது நுணுக்கம் அல்ல. நுணுக்கம் தெரியாமல் போனது. ஆண்டும் குறியும் சேர்ந்து இரட்டித்தால் விலகிவிடு என்ற ஒரு வரி அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

விலையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இரட்டைக் குத்துக் காசுகளுக்குச் சில டாலர்கள்தான் கூடுதலாகக் கிடைக்கும். தேய்ந்த காசுக்கு அதுவும் கிடைக்காது. பெரிய விலை போவது, வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு விலகிய, நல்ல நிலையில் உள்ள ஒருசில வகைகள் மட்டுமே. இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதற்குச் சேர்க்கிறோம் என்று கேட்டால், என் பதில் இது. 1909ஆம் ஆண்டு எஸ் குறி சென்ட் ஒன்றில் முதல் எஸ் படுக்கையாக விழுந்திருக்கிறது. யாரோ ஒருவர் உளியைத் தவறாகத் திருப்பி வைத்து அடித்துவிட்டு, கண்டதும் நிமிர்த்தி மறுபடி அடித்திருக்கிறார். இயந்திரத்தில் லட்சம் லட்சமாக வரும் ஒரு பொருளில் ஒரு மனிதக் கை தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

குறிமேல் வேறு குறி விழுந்த காசுகளும் உண்டு. 1944 சென்ட்டில் எஸ் மேல் டி. 1938ஆம் ஆண்டின் எருமை நிக்கல் என்னும் ஐந்து சென்ட் காசிலும் அதே எஸ் மேல் டி. 1900ஆம் ஆண்டு வெள்ளி டாலரில் கார்சன் சிட்டியின் சிசி மேல் நியூ ஆர்லியன்சின் ஓ. கார்சன் சிட்டியில் 1893க்குப் பிறகு காசு அடிக்கவில்லை. மீந்துபோன அச்சுகளை வீணாக்காமல் குறியை மாற்றி நியூ ஆர்லியன்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாணயச் சாலை மூடிய கதை இன்னொரு ஊர்க் காசில் பதிந்திருக்கிறது.

ஆரணிக்காரி, சனி இரவு

அருமையான விளக்கம், அண்ணா. நம் இந்தியக் காசுகளிலும் இப்படித் தேடலாமா? என்னிடம் நட்சத்திரக் குறி போட்ட காசுகள் நிறைய இருக்கின்றன. எந்தக் குறி எந்த ஊர் என்பதும் எனக்கு அடிக்கடி குழம்புகிறது.

வாலாஜா நாணயப்பெட்டி, சனி இரவு

ஆண்டுக்குக் கீழே பாருங்கள், அம்மா. வைரம்போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஐதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. அங்கே 1988இல்தான் தொடங்கினார்கள். எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. பழைய ஐதராபாத் காசுகளில் வைரத்தின் நடுவே பிளவு அல்லது புள்ளி இருக்கும். அதை மும்பை என்று நினைத்துவிடாதீர்கள், அதையும் இரட்டைக் குத்து என்று நினைத்துவிடாதீர்கள். அது குறியின் வடிவமே அப்படி.

பிரிட்டிஷ் காலத்துக்குப் போனால் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் தாமரைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய். ஆறாம் ஜார்ஜ் காலத்தில் லாகூரிலும் அடித்தார்கள், அவற்றில் எல் எழுத்து இருக்கும். 1862 ரூபாய் இன்னும் வேடிக்கையானது. பிந்தைய ஆண்டுகளிலும் 1862 என்றே ஆண்டு போட்டு அடித்தார்கள். பம்பாயில் அடித்த ஆண்டைக் காட்டப் புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே போனார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணத் தெரியாமல் நல்ல காசை மலிவாக விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நட்சத்திரத்திலும் வைரத்திலும் இரட்டைக் குத்தைக் காண்பது டி எழுத்தைவிடக் கடினம். டி எழுத்தில் நேர்க்கோடு, வளைவு, முனை என்று பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. வைரம் மிகச் சிறியது, மையத்தில் தேய்ந்தால் எல்லாம் ஒரே மொட்டாகிவிடும். முனைகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள். நட்சத்திரத்தில் ஆறாவது முனை ஒன்று எட்டிப் பார்த்தால் படம் எடுத்துப் போடுங்கள், கூடிப் பேசலாம். எஃகுக் காசுகளில் அச்சு ஆட்டம் எவ்வளவு கண்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆகவே ஆண்டையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஆற்காட்டு வராகன், ஞாயிறு காலை

குறி என்ற பேச்சு வந்ததும் நம் மண்ணின் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் வட ஆற்காட்டுக்காரர்கள். நம் ஊர்ப் பெயரே ஒரு காலத்தில் அக்கசாலைக் குறிபோலப் பல ஊர்களில் புழங்கியது.

ஆற்காட்டு ரூபாய்க்கு மக்களிடம் இருந்த நம்பிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ரூபாயிலும் பாரசீக எழுத்தில் 'அர்காட்' என்றே பொறித்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த ரூபாயிலும் அதே பெயர். பிறகு கல்கத்தாவிலும் ஆற்காட்டுப் பெயரில் அடித்தார்கள். எது எங்கே அடித்தது என்று பிரித்தறிவது சின்னக் குறியை வைத்துத்தான். சென்னைக்குத் தாமரை, புதுச்சேரிக்குப் பிறை, கல்கத்தாவுக்கு ரோஜா. சென்னை ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் அப்படியே உறைந்துவிட்டன. அவர் 1759இலேயே இறந்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அடித்த காசிலும் அவர் பெயர்தான். 1835இல் எல்லா மாகாணங்களுக்கும் ஒரே ரூபாய் வந்த பிறகே இது ஓய்ந்தது.

கையால் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் அச்சு காசைவிடப் பெரியது. அதனால் குறி பல நேரம் காசின் விளிம்புக்கு வெளியே போய்விடும். தாமரை முழுதாக உட்கார்ந்த காசு கையில் கிடைத்தால் விடாதீர்கள். அவற்றில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், ஒரே வில்லையை இரண்டு முறை அடித்ததால் வந்ததாக இருக்கும். காசு முழுவதும் இரட்டிக்கும், குறி மட்டும் அல்ல. இந்த இழையில் பேசும் வகையோடு அதைச் சேர்க்கக் கூடாது.

பாலாற்றங்கரை, ஞாயிறு மதியம்

எல்லோருக்கும் நன்றி. ஆற்காட்டின் கதையைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு முறை படிக்கச் சொன்னார். புளிக் கிண்ணமும் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

வாட்ச் பழுதுபார்ப்பவரிடம் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கி 1969 காசைப் பார்த்தேன். கடைசி 9 எண்ணும் அதே வலப்பக்கம் நிழலாடுகிறது. 6 எண்ணிலும் இருக்கிறது. டி எழுத்தின் நிழல் தட்டையாக, தகடுபோல மின்னுகிறது. மேலே நிற்கும் டி பக்கத்துக் காசுகளின் டி எழுத்தைவிட மெலிந்திருக்கிறது. அப்படியானால் அது அச்சு ஆட்டம் என்று நானே புரிந்துகொள்கிறேன். சரிதானே? படங்களை இணைத்திருக்கிறேன்.

கோட்டை அகழி, ஞாயிறு மதியம்

மிகச் சரி, தம்பி. படத்தைப் பார்க்கும் முன்பே உங்கள் விவரிப்பு போதுமானதாக இருந்தது. முதல் காசிலேயே இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டீர்கள். எனக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இப்போது டின்னுக்குத் திரும்புங்கள். எல்லாவற்றையும் லென்ஸில் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1965, 1966, 1967 காசுகளை ஒதுக்கிவிடுங்கள். நாணயத் தட்டுப்பாட்டால் அந்த மூன்று ஆண்டுகளும் எந்தக் குறியும் போடவில்லை. 1990 முதல் சென்ட்டில் குறியை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள், கைக்குத்து முடிந்துபோனது. அதற்குப் பிந்தையவற்றையும் ஒதுக்குங்கள். குறி இல்லாதவற்றையும் ஒதுக்கினால் மீதி நூறு நூற்றைம்பது தேறலாம். அவற்றில் கோதுமைக் கதிர்க் காசுகளிலிருந்து தொடங்குங்கள், அதாவது 1958 வரை உள்ளவை. என் அனுபவத்தில் அங்கேதான் விளைச்சல்.

பாலாற்றங்கரை, திங்கள் இரவு

நீங்கள் சொன்னபடி பிரித்ததில் 131 காசுகள் மிஞ்சின. மூன்று மணி நேரம் பார்த்தேன். 1956 டி ஒன்றில் எனக்குச் சந்தேகம். டி எழுத்து நன்றாக ஒற்றையாக இருக்கிறது, அதனால் முதலில் தள்ளி வைத்துவிட்டேன். பிறகு தற்செயலாக வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது, டி எழுத்துக்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய மேடு வளைந்து தெரிந்தது. காசைத் திருப்பினால் மறைகிறது, மறுபடி திருப்பினால் வருகிறது. ஆண்டில் எந்த இரட்டிப்பும் இல்லை. படம் தெளிவாக வரவில்லை, மன்னிக்கவும்.

வாலாஜா நாணயப்பெட்டி, திங்கள் இரவு

படத்தில் எனக்குத் தெரிவது அச்சு உடைந்ததால் வந்த புடைப்பு. எழுத்துக்கு இவ்வளவு கீழே இரண்டாம் குத்து வருமா என்று ஐயமாக இருக்கிறது. எழுத்தோடு தொடாத எதையும் நான் சாதாரணமாக நம்புவதில்லை. கீறலாகவும் இருக்கலாம்.

கோட்டை அகழி, செவ்வாய் காலை

ஐயா, கீறல் என்றால் பள்ளமாக இருக்கும், ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். தம்பி மேடு என்கிறார். அச்சுப் புடைப்பு என்றால் வடிவம் இருக்காது, சோற்றுப் பருக்கைபோல ஒழுங்கற்று இருக்கும். வளைவு என்கிறாரே, அதுதான் என்னை இழுக்கிறது.

1956 டி சென்ட்டில் முக்கியக் குறிக்குக் கீழே நன்றாக விலகி, இன்னொரு டி மெலிதாக விழுந்த ஒரு வகை உண்டு. சேகரிப்பவர்களிடையே பெயர்பெற்றது. முதல் குத்து தவறான இடத்தில் விழுந்ததால் சரியான இடத்துக்கு உளியை நகர்த்திக் குத்தியிருக்கிறார்கள். ஆகவே தொடாமல் இருப்பதே அந்த வகையின் அடையாளம். ஆனால் மங்கிய படத்தை வைத்து ஆம் என்று சொல்ல மாட்டேன்.

தம்பி, மாடி விளக்கை அணைத்துவிட்டு, காலையில் கிழக்குச் சன்னலோரம் உட்காருங்கள். காசை வெள்ளைத் தாளில் வைத்து, லிங்கன் முகம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வரக் கூடாது. கிடைமட்டமாக, பக்கவாட்டிலிருந்து தடவிக்கொண்டு வர வேண்டும். தாளை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். நேர்க்கோடு ஒரு கோணத்திலும் வளைவு இன்னொரு கோணத்திலும் தெரியும். இரண்டும் சேர்ந்து டி ஆகிறதா, அந்த டி மேலே உள்ள டி எழுத்தின் அதே உயரமா என்று பாருங்கள். ஒரே உளி என்றால் அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

குடியாத்தம் பட்டறை, செவ்வாய் காலை

அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். ஆனால் மெலிதாக விழுந்த குத்தில் எழுத்தின் எல்லாப் பகுதியும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். உளி சாய்ந்த பக்கம் மட்டும் பதியும். அதன் பிறகு அச்சைத் தேய்த்து மெருகிட்டால் மேலோட்டமான பகுதி இன்னும் அழிந்துவிடும். ஆகவே முழு டி கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். கிடைத்த துண்டை மேலே உள்ள எழுத்தின் அதே துண்டோடு ஒப்பிடுங்கள். வளைவு என்றால் வளைவோடு, முனை என்றால் முனையோடு.

பாலாற்றங்கரை, புதன் காலை

இன்று ஆறரை மணிக்கு உட்கார்ந்தேன். சத்துவாச்சாரி மலைப்பக்கம் வெயில் ஏறும் நேரம், சன்னலில் வெளிச்சம் சரியாகத் தரையோடு வந்தது. தாளைச் சுற்றினேன். முதலில் கீழ் வளைவு. இன்னும் கொஞ்சம் சுற்றியதும் வளைவு மறைந்து ஒரு நேர்க்கோட்டின் அடிப்பகுதி எழும்பியது, அதன் இடப்பக்கத்தில் ஒரு சின்ன முனை. அந்த முனையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கீறலுக்கு முனை இருக்காதே!

மேல் பாதி இல்லை. கீழ்ப்பாதி மட்டும்தான். மெல்லிய தாளில் மேலே உள்ள டி எழுத்தின் அகலத்தைப் பென்சிலால் குறித்துக் கீழே நகர்த்திப் பார்த்தேன், அகலம் பொருந்துகிறது. பெரியம்மாவின் கைப்பேசியை லென்ஸின் மேல் வைத்து எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணம்.

கோட்டை அகழி, புதன் காலை

மூன்றாவது படம். அந்த முனை. உருண்ட மேடு, தட்டையில்லை. எனக்கு ஐயமில்லை, தம்பி. தெற்கே, அதாவது கீழ்ப்பக்கம், விலகிய டி மேல் டி. இனி இதே வகையின் பதிவான படங்களோடு ஒப்பிட்டு, அச்சில் இருந்த மெருகுக் கோடுகளும் வெடிப்புகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே அச்சின் பிள்ளை என்றால் அந்த மச்சங்களும் பொருந்தும். மனமார்ந்த வாழ்த்துகள்.

வாலாஜா நாணயப்பெட்டி, புதன் மதியம்

என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அது டி எழுத்தின் கால்தான். தொடாத குத்தை நம்புவதில்லை என்ற என் பழக்கத்தை இந்தக் காசுக்குப் பிறகு மாற்றிக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் 1950களின் டி காசுகளை எல்லாம் மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அந்தக் காசை மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பைப் பச்சையாக்கும். மைலார் உறை அல்லது அமிலமில்லாத தாள் உறை போதும். விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

ஆரணிக்காரி, புதன் மாலை

அந்தக் காசு புளிக்குத் தப்பியதா, அண்ணா? அதைச் சொல்லவில்லையே.

பாலாற்றங்கரை, புதன் இரவு

தப்பியது, அக்கா. துலக்கிய பன்னிரண்டில் 1956 எதுவும் இல்லை, இன்று மறுபடி எண்ணி உறுதிசெய்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒரு 1944 டி இருக்கிறது. கோட்டை அகழி அண்ணா, எஸ் மேல் டி என்று நீங்கள் சொன்ன ஆண்டு. குறியின் மேல் ஏதோ இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தெரிகிறது, தேய்த்த கீறல்கள் குறுக்கே ஓடுகின்றன. நாளைக் காலை அதே சன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.